என்ன முறை?

தமிழில் 'முறை' என்ற சொல் பல வேலைகளைச் செய்கிறது. வரிசையை முறை என்கிறோம். ஒரு செயலைச் செய்யும் விதமும் முறைதான். மன்னன் முறை செய்தான் என்றால் நீதி வழங்கினான் என்று பொருள். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவரைக் காட்டி, "அவர் உங்களுக்கு என்ன முறை வேண்டும்?" என்று கேட்டால் அங்கே அது உறவு. வரிசையும் உறவும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறின என்பதைச் சொல்லாராய்ச்சி அறிந்தவர்கள்தாம் விளக்க வேண்டும். இவ்விரண்டும் உண்மையிலேயே ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது கணினி சார்ந்த ஒரு வேலையின்போது. எக்ஸ்பாத் என்று ஒரு சிறிய மொழி இருக்கிறது. எக்ஸ்எம்எல் ஆவணங்களுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழி சொல்வது மட்டுமே அதன் பணி. அதில் எழுதப்படும் கேள்விகள் எல்லாவற்றையும் சுருக்கினால் "என்ன முறை?" என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும்.

கவிதைக்காகவும் கதைக்காகவும் வாசிப்பவர்களிடம் இதைச் சொல்வதற்குச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. ஆனால் திருக்குறளை விட்டு நகராமலே இதைச் சொல்லிவிட முடியும். சொல்லப்போனால், குறளை வைத்துத்தான் எனக்கே இது புரிந்தது.

நாங்கள் மூன்று பேர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த நான். திருக்குறளை அதன் பழைய உரைகளோடு சேர்த்து, கணினியில் தேடவும் ஒப்பிடவும் ஏற்றபடி குறியிட்டு வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. குறள் மின்வடிவில் கிடைப்பது புதிய செய்தி அல்ல. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முதல் மின்னூலே திருக்குறள்தான். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் எக்ஸ்எம்எல்லின் முதற்பதிப்பை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தன் பரிந்துரையாக வெளியிட்டது. ஆனால் எழுத்துகளைத் தட்டச்சு செய்து வைப்பது ஒன்று. எது அதிகாரத் தலைப்பு, எது குறள், எது உரை என்று கணினிக்குத் தெரியும்படி சொல்லி வைப்பது வேறொன்று. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

எக்ஸ்எம்எல்லின் ஏற்பாடு எளிமையானது. பனுவலின் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னே ஒரு தொடக்கக் குறி, பின்னே ஒரு முடிவுக் குறி. குறிகளுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம், தமிழிலேயே வைக்கலாம். ஒரே ஒரு கண்டிப்பு: உள்ளே திறந்ததை உள்ளேயே மூட வேண்டும். அதிகாரத்துக்குள் திறந்த குறளை அந்த அதிகாரம் முடிவதற்குள் மூடியாக வேண்டும். இந்த ஒரு விதியால் ஆவணம் மரமாகிவிடுகிறது. வேர் மேலேயும் கிளைகள் கீழேயுமாக வரையப்படும் தலைகீழ் மரம்; கீதையில் வரும் அரசமரத்தை நினைத்துக்கொள்ளலாம். கிளை பிரியும் இடத்தைக் கணு என்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குத் திருக்குறள் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்துகிறது. நூலுக்குள் மூன்று பால். பாலுக்குள் இயல்கள். இயலுக்குள் அதிகாரங்கள், மொத்தம் 133. அதிகாரத்துக்குள் பத்துப் பத்தாக 1330 குறள்கள். குறளுக்குள் இரண்டு அடி. அடிக்குள் முதலில் நான்கு சீர், அடுத்ததில் மூன்று. அதிகாரத்துக்கும் குறளுக்கும் எண் என்றொரு பண்பு. முதல் நாள் மாலையே மரம் தயாராகிவிட்டது. அதை ஒரே வரியில் கேட்டும் பார்த்தோம்:

/நூல்/பால்/இயல்/அதிகாரம்/குறள்

இதுதான் பாதைத் தொடர். தொடக்கத்தில் உள்ள சாய்கோடு, 'ஆவணத்தின் உச்சியிலிருந்து புறப்படு' என்கிறது. அங்கிருந்து நூலுக்கு, நூலின் பிள்ளைகளாகிய பால்களுக்கு, அவற்றின் பிள்ளைகளாகிய இயல்களுக்கு என்று ஒவ்வொரு காலடியாக இறங்குகிறது. கடைசியில் 1330 குறள்களும் கையில் இருக்கும். ஒவ்வொரு காலடியிலும் மூன்று செய்திகள் இருக்கலாம்: எந்தத் திசையில் போவது, அங்கே யாரைப் பெயர் சொல்லி அழைப்பது, வந்தவர்களில் எப்படிப்பட்டவரைத் தேர்வது. மூன்றாவதைச் சதுர அடைப்புக்குள் எழுதுகிறோம். '/நூல்/பால்/இயல்[1]' என்று கேட்டால் ஒரே ஓர் இயல் வரும் என்று முதற்பார்வையில் தோன்றும். வருவதோ மூன்று: பாயிரவியல், அரசியல், களவியல். 'ஒன்றாவது' என்ற நிபந்தனை ஒவ்வொரு பாலுக்குள்ளும் தனித்தனியே பார்க்கப்படுகிறது. மூன்று வீட்டிலும் மூத்த பிள்ளையைக் கூப்பிட்டால் மூன்று பேர் வந்து நிற்பதுபோல.

திசையைத்தான் அவர்கள் அச்சு என்கிறார்கள். எக்ஸ்பாத்தின் முதற்பதிப்பு 1999 நவம்பரில் வெளிவந்தது; அதைத் தொகுத்தவர்கள் ஜேம்ஸ் கிளார்க்கும் ஸ்டீவ் டிரோஸும். அதில் பதின்மூன்று அச்சுகள் உண்டு. பெரும்பாலானவற்றின் பெயர்கள் குடும்பத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பிள்ளைகளிடம் இறங்கும் அச்சு சைல்ட். பெற்றோரிடம் ஏறும் அச்சு பேரன்ட். பெற்றோர், அவர்தம் பெற்றோர் என்று வேர்வரை ஏறிப்போவது ஆன்செஸ்டர். பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று நுனிவரை இறங்கிப்போவது டிசென்டன்ட். திசை எதையும் சொல்லாமல் பெயரை மட்டும் எழுதினால் பிள்ளையைத்தான் கேட்கிறோம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மேலே காட்டிய பாதையில் அச்சு எதுவும் கண்ணில் படவில்லை.

உடன்பிறந்தாருக்கு வரும்போது ஆங்கிலம் ஒரு சிறு நெருக்கடியைச் சந்திக்கிறது. அந்த மொழியில் உடன்பிறந்தவர் மூத்தவரா இளையவரா என்று உறவுப்பெயரே சொல்வதில்லை. ஆவணத்திலோ யார் முன்னே யார் பின்னே என்பது உயிர்நாடி. எனவே சிப்ளிங் என்ற பெயருக்கு முன்னால் அடைமொழி சேர்த்து பிரிசீடிங்-சிப்ளிங், ஃபாலோயிங்-சிப்ளிங் என்று இரண்டு அச்சுகளை உண்டாக்கினார்கள். நமக்கு இந்தச் சிரமம் இல்லை. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்று நாம் அழைக்கும்போதே வரிசையும் சேர்ந்து வந்துவிடுகிறது. பெற்றோரின் முன்னவர் பெரியப்பா, பின்னவர் சித்தப்பா. எக்ஸ்பாத்தில் பெரியப்பாவை அடைய இரண்டு காலடி வைக்க வேண்டும். பெற்றோரிடம் ஏறி, அங்கிருந்து அவருக்கு முன்பிறந்தவரிடம் திரும்ப வேண்டும். தமிழில் அந்தப் பாதை முழுவதும் ஒரு சொல்லாக உறைந்து கிடக்கிறது. உறவுப்பெயர்கள் எல்லாமே சுருக்கி எழுதப்பட்ட பாதைகள்தாம் என்று அன்று எனக்குப் பட்டது.

இன்னொன்றும் உண்டு. உறவுப்பெயர் யாருக்கும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. ஒருவரே ஒருவருக்கு மாமன், இன்னொருவருக்கு மகன். கேட்பவர் நிற்குமிடம் மாறினால் பெயர் மாறிவிடும். எக்ஸ்பாத்தின் அச்சுகளும் அப்படியே. எந்தக் கணுவும் தானாக அண்ணனோ தம்பியோ ஆகாது. நான் ஒரு கணுவில் நின்றுகொண்டு கேட்க வேண்டும். உச்சியிலிருந்து புறப்படும் பாதைக்கும் அந்த உச்சியே நிற்குமிடம். நிற்காமல் கேட்கக்கூடிய கேள்வி என்று இந்த மொழியில் எதுவுமே இல்லை.

அன்புடைமை அதிகாரத்தில் நின்றுகொள்வோம். அது நூலில் 8ஆவது அதிகாரம். அங்கிருந்து 'பிரிசீடிங்-சிப்ளிங்::அதிகாரம்' என்று கேட்டால் மூன்று அதிகாரங்கள் வரும்: இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், புதல்வரைப் பெறுதல். முன்னே ஏழு இருக்க, வந்தவை மூன்றுதான். முதல் நான்கும் பாயிரவியல் என்ற வேறு கணுவின் பிள்ளைகள். இல்லறவியலில் பிறந்தவை அல்ல. எல்லாவற்றையும் வேண்டினால் சிப்ளிங் என்ற சொல்லை விட்டுவிட்டு 'பிரிசீடிங்::அதிகாரம்' என்று கேட்க வேண்டும். ஏழும் வரும். முதல் அச்சு ஒரு வயிற்றுப் பிள்ளைகளை மட்டும் அறியும். இரண்டாவது, பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளையும் அண்ணன் என்றே அழைக்கும் நம் வழக்கத்துக்கு நெருக்கமானது.

இந்த வேறுபாடு வெறும் கணக்கு அல்ல என்பதை ஆசிரியர்தான் காட்டினார். பரிமேலழகர் ஒவ்வோர் அதிகாரத்தின் வாயிலிலும், இது ஏன் முன்னதன் பின் வைக்கப்பட்டது என்ற இயைபைப் பேசுவார். அதற்கு அதிகாரமுறைமை என்று பெயர். இல்வாழ்க்கை அதிகாரத்தில் நின்று 'எனக்கு முன்பிறந்தவர் யார்?' என்று உடன்பிறப்பு அச்சில் கேட்டால் பதில் வராது. அது இல்லறவியலின் தலைப்பிள்ளை. பிரிசீடிங் அச்சில் கேட்டால் பாயிரவியலின் கடைசி அதிகாரமான அறன் வலியுறுத்தல் வந்து நிற்கும். "இயல் மாறும் இடத்தில் உரையாசிரியர் கூடுதலாகக் கவனம் காட்டுவார், தம்பி. உங்கள் யந்திரமும் அங்கே வேறு வழியாகப் போக வேண்டியிருக்கிறது, பாருங்கள்" என்றார். அவருக்கு அதில் ஒரு திருப்தி.

பின்னோக்கிப் போகும் அச்சுகளில் எண்ணிக்கை நம்மிடமிருந்து தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அன்புடைமையில் நின்று 'பிரிசீடிங்::அதிகாரம்[1]' என்றால் கடவுள் வாழ்த்து வராது. பக்கத்தில் உள்ள புதல்வரைப் பெறுதல்தான் வரும். அருகில் இருப்பவர் முதல்வர். முழுப் பாதையையும் வளைவு அடைப்புக்குள் இட்டு அதற்கு வெளியே [1] என்று எழுதினால் மட்டும் ஆவண வரிசைப்படி எண்ணி, கடவுள் வாழ்த்தைக் கொண்டுவரும். நினைவும் இப்படித்தான் எண்ணுகிறது. 'முந்தின தடவை' என்றால் நேற்றைய தடவையைத்தான் சொல்கிறோம்.

இதன் பயன் பக்க எண்களில் தெரிந்தது. அச்சுப் புத்தகத்தின் பக்கம் அதிகாரத்தின் நடுவிலோ உரையின் நடுவிலோ முடிந்துவிடுகிறது. பக்கத்தை ஓர் உறுப்பாகத் திறந்து மூட வழியில்லை. அதனால் பக்கம் மாறும் இடத்தில் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு சிறு குறியை நட்டு வைக்கிறோம், சாலையோர மைல்கல்போல. ஒரு குறள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அறிய, அந்தக் குறளில் நின்று 'பிரிசீடிங்::பக்கம்[1]' என்று கேட்டால் போதும். கடைசியாகக் கடந்த மைல்கல் எது என்ற கேள்விதான் அது.

பதின்மூன்று அச்சுகளில் ஐந்தைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் அழகு இருக்கிறது: ஆன்செஸ்டர், டிசென்டன்ட், பிரிசீடிங், ஃபாலோயிங், செல்ஃப். மேல், கீழ், முன், பின், தான். ஆவணத்தில் எந்தக் கணுவில் நின்றாலும் இந்த ஐந்தும் சேர்ந்து ஆவணம் முழுவதையும் அடக்கிவிடும். ஒன்றில் வந்தது இன்னொன்றில் வராது. பண்புகளும் பெயர்வெளிகளும் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே. அன்புடைமை நிற்கும் அறத்துப்பாலின் தொடக்கக் குறி அதற்கு முன்னால்தானே இருக்கிறது, அப்படியானால் பால் ஏன் 'முன்' என்பதில் வரவில்லை என்று கேட்கலாம். பால் இன்னும் முடியவில்லை. திறந்த வாசலுக்குள்தான் நாம் நிற்கிறோம். முடிந்துபோனவைதாம் முன், முடியாமல் நம்மைச் சூழ்ந்திருப்பவை மேல். மூதாதையரைக் கடந்தகாலத்தில் சேர்க்காத இந்த இலக்கணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பண்புகளைத் தள்ளிவைத்த காரணமும் ஒரு விந்தை. '@எண்' என்று கேட்டால் அதிகாரத்தின் எண் கிடைக்கும். அந்த எண்ணிலிருந்து மேலே ஏறினால் அதிகாரத்தை அடையலாம். அதிகாரம் அதற்குப் பெற்றோர். ஆனால் அதிகாரத்திலிருந்து பிள்ளைகளைக் கூப்பிட்டால் எண் வராது. அதற்குத் தந்தை உண்டு. தந்தையின் பிள்ளைகள் பட்டியலில் அது இல்லை. பண்புகளுக்குள் வரிசையும் இல்லை. எது முன், எது பின் என்று அவற்றிடம் கேட்க முடியாது. இந்த விதி பின்னால் எங்கள் வாக்குவாதத்துக்குக் காரணமாயிற்று.

அதற்குமுன் இன்னொரு சிக்கல். பரிமேலழகர் ஓர் அதிகாரத்தின் குறள்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, இத்தனை பாட்டால் இன்னது கூறப்பட்டது என்று தொகுத்துச் சொல்லிச் செல்வார். அந்தக் கொத்துகளையும் குறியிட வேண்டும் என்றார் ஆசிரியர். அதிகாரத்துக்கும் குறளுக்கும் நடுவே 'தொகுதி' என்று ஒரு தலைமுறை நுழைந்தது. நுழைந்த மறுகணம், முன்பு 1330 குறளையும் தந்த பாதை ஒன்றையும் தரவில்லை. குறள்கள் அதிகாரத்தின் பிள்ளைகளாக இருந்தது போய்ப் பேரப்பிள்ளைகள் ஆகிவிட்டன. 'அதிகாரம்//குறள்' என்று இரட்டைச் சாய்கோடு இட்டால் அது எத்தனை தலைமுறை இறங்கியும் தேடும். ஆனால் இரட்டைச் சாய்கோட்டுக்கும் ஒரு குணம் உண்டு. '//குறள்[1]' என்றால் நூலின் முதற்குறள் வரும் என்று நினைப்போம். ஒவ்வொரு பெற்றோரின் முதற்குறளும் வரும். தொகுதி நுழைவதற்கு முன் அது 133 குறள்களைத் தந்தது. நுழைந்த பின் தொகுதிகள் எத்தனையோ அத்தனை. நூலின் ஒரே முதற்குறள் வேண்டுமென்றால் '(//குறள்)[1]' என்று அடைப்பிட வேண்டும். ஓர் உரையாசிரியர் எப்படிக் கூறுபடுத்தி வாசித்தார் என்பதை மரத்தில் ஏற்றியதும், 'முதல்' என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது.

பாதை தவறினால் எக்ஸ்பாத் சத்தம் போடாது, வெறுங்கையை நீட்டும். 'அதிகாரம்[தலைப்பு="மக்கட்பேறு"]' என்று கேட்டால் எங்கள் கோப்பில் ஒன்றும் வராது, ஏனென்றால் பரிமேலழகர் அந்த அதிகாரத்துக்குப் புதல்வரைப் பெறுதல் என்று பெயர் வைத்திருக்கிறார். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் தலைப்பும் சில நேரம் அகப்படாமல் போகும். ஒகர உயிர்மெய்யின் குறியை ஒருங்குறியில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு இல்லை. ஒப்பிடும் யந்திரத்துக்கு அவை வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவாக்கித் தரும் செயற்கூறு 2007இல் வந்த எக்ஸ்பாத் இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தது. ஆகவே விடை வெறுமையாக வந்தால் 'நூலில் இல்லை' என்று முடிவுகட்டக் கூடாது. 'இந்த வழியில், இந்த எழுத்தில் இல்லை' என்பதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை.

இனி வாக்குவாதம். திருக்குறளுக்குப் பதின்மர் உரை செய்தனர் என்பது மரபு; இன்று நமக்குக் கிடைப்பவை மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காளிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவரின் உரைகள். நாம் இன்று '71ஆம் குறள்' என்று எண் சொல்லிக் குறிப்பிடுவது பரிமேலழகர் கொண்ட வைப்புமுறை. மணக்குடவர் உரையில் பல அதிகாரங்களில் குறள்களின் வரிசை வேறு. அதிகாரங்களின் வரிசையும் சில இடங்களில் வேறு. பொருட்பாலைப் பரிமேலழகர் மூன்று இயலாகப் பகுத்ததை மற்றவர்கள் அப்படியே பகுக்கவில்லை.

நிரலாளர் நண்பர் ஒரு வழி சொன்னார். மரத்தைப் பரிமேலழகர் வரிசையில் வைத்துக்கொள்வோம், எல்லோருக்கும் பழகியது அதுதான். மற்ற நால்வரின் எண்களையும் ஒவ்வொரு குறளுக்கும் பண்புகளாக ஏற்றிவிடுவோம், எதுவும் தொலைந்துபோகாது. உண்மைதான், எதுவும் தொலையாது. ஆனால் ஆசிரியர் அசையவில்லை. அவர் மணக்குடவரை ஆழ்ந்து கற்றவர். "எண் குறளுக்கு உரியதா, ஏட்டுக்கு உரியதா? முதலில் அதைச் சொல்லுங்கள்" என்றார். பிறகு நிதானமாக ஒன்றைக் கேட்டார். "பரிமேலழகர் வரிசையில் ஒரு குறளுக்கு முன்னால் நிற்பது எது என்று கேட்க உங்களுக்கு ஓர் அச்சு இருக்கிறது. மணக்குடவர் வரிசையில் அதையே கேட்டால்?"

கேட்க முடியும். நிற்கும் குறளின் மணக்குடவர் எண்ணை எடுத்து, அதில் ஒன்றைக் கழித்து, அந்த எண்ணைச் சுமக்கும் வேறொரு குறளைத் தேடிப் பிடிக்க வேண்டும். விடை சரியாகவே வரும். ஆனால் அது உறவு அல்ல, கணக்கு. ஒருவருடைய வரிசையை மரத்தின் அச்சாக்கிவிட்டு மற்ற நால்வரின் வரிசையைப் பண்புகளாக்கினால், அந்த நால்வர் வீட்டுக் குறள்களுக்குள் அண்ணன் தம்பி முறையே இல்லாமல் போகிறது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண் மட்டும் தொங்குகிறது. நாளை இந்தக் கோப்பைத் திறக்கும் இளைஞர் ஒருவர் எளிதாகக் கேட்கக்கூடிய கேள்விகளை மட்டுமே கேட்பார். கேட்கச் சிரமமான கேள்விகள் மெல்ல மெல்லக் கேட்கப்படாத கேள்விகள் ஆகிவிடும். அச்சு என்ற சொல்லுக்குத் தமிழில் நூல் அச்சிடுவது என்றும் பொருள் உண்டு. அச்சுப் புத்தகங்களில் பரிமேலழகர் வரிசை பரவியதால் மற்ற வரிசைகள் பொதுவாசகர் கண்ணிலிருந்து மறைந்தன. அதே காரியத்தை இன்னொரு வகை அச்சால் நாங்களும் செய்யவிருந்தோம்.

மரம் என்ற வடிவத்திலேயே இந்த நெருக்கடிக்கு வித்து இருக்கிறது. மரத்தில் எந்தக் கணுவுக்கும் ஒரே ஒரு பெற்றோர்தான். மணக்குடவரின் தொகுதிக்கும் பரிமேலழகரின் தொகுதிக்கும் ஒரே நேரத்தில் ஒரு குறள் பிள்ளையாக இருக்க முடியாது. குறளுக்குள்ளேயே போனாலும் இதே கதைதான். சீரை ஓர் உறுப்பாகவும் சொல்லை ஓர் உறுப்பாகவும் குறியிட முயன்றோம். சொல்லைப் பிளந்து ஒரு பாதி இந்தச் சீரிலும் மறுபாதி அடுத்த சீரிலுமாக நிற்கும் இடத்தை யாப்பில் வகையுளி என்பார்கள். அங்கே சொல்லுக்குள் சீரும் அடங்காது, சீருக்குள் சொல்லும் அடங்காது. இரண்டில் ஒன்றை மைல்கல்லாக்கித்தான் தீர வேண்டும். தாப்பிசைப் பொருள்கோள் இன்னும் மோசம். நடுவில் நிற்கும் ஒரு சொல் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் சென்று இரு பக்கமும் பொருள் தருகிறது. அந்தச் சொல்லுக்கு இரண்டு வீட்டிலும் உரிமை உண்டு. மரம் அதை ஏற்காது. உறவின் மொழியில் சொன்னால், இந்த மரத்தில் பங்காளிகள் மட்டுமே இருக்கிறார்கள், சம்பந்திகள் இல்லை. மாமன், மைத்துனன், அத்தை என்று இன்னொரு குடும்பத்தின் வழியாக வரும் உறவுக்கு இங்கே அச்சே கிடையாது.

இந்தக் குறை அதை உருவாக்கியவர்களுக்குத் தெரியாததல்ல. எக்ஸ்பாத்தைத் தொகுத்த ஸ்டீவ் டிரோஸ், 1990இல் டேவிட் டுரண்ட், எல்லி மைலோனாஸ், ஆலன் ரெனியர் ஆகியோருடன் சேர்ந்து, பனுவல் என்பது உண்மையில் என்ன என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி, வரிசை தவறாமல் அமைந்த பொருள்கூறுகளே பனுவல் என்பது அவர்கள் கொள்கை. அந்த நால்வரில் மற்ற மூவரும் 1990களிலேயே அந்தக் கொள்கையை மறுபடி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும் அடுக்குகள் அதற்குள் அடங்காததை ஆராய்ந்தார்கள். ஒரு நூலுக்கு ஒரே மரம் போதாது என்பது குறியீட்டு மொழிகளின் தொடக்கக் காலத்திலேயே பேசப்பட்ட செய்தி.

நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த ஏற்பாட்டுக்கு வழிகாட்டியது பழைய பதிப்புகளின் கடைசிப் பக்கங்கள்தாம். பாட்டு முதற்குறிப்பு அகராதி என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கும். ஒரு பாட்டை அதன் எண்ணால் அல்லாமல் தொடக்கச் சொற்களால் அடையாளம் காட்டுவது நம் பதிப்பு மரபு. எண் வைப்புமுறையைச் சேர்ந்தது; தொடக்கம் பாட்டைச் சேர்ந்தது. ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அங்கே விடை இருந்தது. குறள்களின் மூலத்தை ஒரு கோப்பில், எந்த உரையாசிரியரின் வரிசையும் இல்லாமல், முதற்குறிப்பையே பெயராக இட்டு அகரவரிசையில் வைத்தோம். ஐந்து உரைகளுக்கும் ஐந்து தனி மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் அந்த உரையாசிரியரின் இயல், அதிகாரம், தொகுதி, வரிசை. குறள் இருக்க வேண்டிய இடத்தில் அதன் முதற்குறிப்பு மட்டும் சுட்டாக நிற்கும். ஒரே குறள் இப்போது ஐந்து வீட்டில் ஐந்து விதமான உறவுகளோடு வாழ்கிறது. மணக்குடவர் மரத்தில் நின்று கேட்டால் அவர் வைப்பில் முன்நிற்கும் குறளை உடன்பிறப்பு அச்சே கொண்டுவருகிறது. கழித்தல் கணக்கு தேவையில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முன்பு ஒரே வரியில் கேட்டவற்றுக்கு இப்போது இரண்டு கோப்புகளைத் திறக்க வேண்டியிருக்கிறது. சுட்டிலிருந்து மூலத்துக்குப் போவது ஒரு கூடுதல் காலடி. 'இந்தக் குறளுக்கு அடுத்த குறள் எது?' என்று வெறுமனே கேட்டால் எங்கள் தொகுப்பு விடை சொல்லாது. யார் வரிசையில் என்று திருப்பிக் கேட்கும். நிரலாளர் நண்பருக்கு இது இன்னமும் கொஞ்சம் குறையாகத்தான் படுகிறது. வேகம் குறைகிறது என்கிறார். எனக்கோ அந்தத் திருப்பிக் கேட்டல்தான் இந்த வேலையின் பயனாகத் தெரிகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து குறளை எண்ணோடு சேர்த்தே மனப்பாடம் செய்து வந்தவர்கள் நாம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் உரையாசிரியர் உட்கார்ந்து, இதற்குப்பின் இது என்று முடிவு செய்திருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இப்போதைக்குப் பரிமேலழகர் மரமும் மணக்குடவர் மரமும் நிற்கின்றன. பரிப்பெருமாள் மரத்தில் அறத்துப்பால்வரை வந்திருக்கிறோம். ஆசிரியர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு குறளை எடுத்துக்கொண்டு, இரண்டு மரத்திலும் அதன் முன்னவரையும் பின்னவரையும் கேட்டு, வரும் விடைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார். சில குறள்களுக்கு இரண்டு இடத்திலும் அதே அண்டை வீட்டார். சிலவற்றுக்கு வேறு. வேறாக வரும் குறள்களை மட்டும் அவர் தனியாகச் சத்தமாகப் படித்துப் பார்க்கிறார். அண்டை மாறினால் குறளின் குரலும் கொஞ்சம் மாறுகிறது என்பது அவர் கட்சி. காளிங்கரும் பரிதியாரும் வந்து சேர்ந்த பிறகுதான் அதை உறுதியாகச் சொல்ல முடியும்.